ஐப்பசி வந்தா அப்படித்தானா?

ஐப்பசி பிறந்து நாலு நாளாகிறது. விடியக்காலம் அஞ்சரை மணிக்குப் பால் வாங்கத் தெருவில் இறங்கினால் வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம். எதிர்வீட்டு அண்ணாச்சி ஒரே தம்மில் பதினொன்று போடுவார். நான் எண்ணிக்கொண்டே நடப்பேன். மூக்கைத் துண்டால் துடைத்துவிட்டு அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "ஐப்பசி வந்தா அப்படித்தாம் வேய்."

எங்கள் அம்மையும் இதையேதான் சொல்வாள். நானும் அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு தப்பு என்பதுதான் இன்றைக்கு என் கட்சி. அதை நம்பியதால் எங்கள் வீட்டில் ஒரு ஜீவன் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் பழைய ஃபைல்களோடு குடித்தனம் நடத்தியவன். எந்த இலாகா என்பது வேண்டாம். ஃபைலை எடுத்துத் தட்டினால் தும்மல் வரும். தும்மல் சத்தம் கேட்டால், "ஃபைல் கிடைச்சிட்டு போலிருக்கே" என்பார் அதிகாரி. இந்த விஷயத்தில் என் தகுதி அவ்வளவுதான். மற்றதெல்லாம் டாக்டர்களிடம் கேட்டதும், வாசித்ததும், பட்டதும்.

ஐப்பசியும் கார்த்திகையும் நம் பெரியவர்கள் கணக்கில் கூதிர் காலம். குளிர்ந்த வாடை அடிக்கும் மாசங்கள். மேல்நாட்டில் இதுதான் இலையுதிர் காலம். அங்கேயும் இதே கூத்துதான். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் செப்டம்பர் மாசம் போனில் பேசினால் பாதிப் பேச்சு தும்மலிலேயே போய்விடும். அந்த ஊரில் ராக்வீட் என்று ஒரு களை. ஆகஸ்டில் பூக்கத் தொடங்கி, முதல் உறைபனி விழும்வரை மகரந்தத்தைக் காற்றில் தூவிக்கொண்டே இருக்குமாம்.

"நம்ம ஊர்ல இந்தச் சனியன் எல்லாம் இல்லைல்லாப்பா" என்றாள்.

இல்லாமல் என்ன! அதன் சித்தப்பா பிள்ளை நம் ஊர்ப் புறம்போக்கு எல்லாவற்றிலும் நிற்கிறது. பார்த்தீனியம்தான் அது. கேரட் இலை மாதிரி இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு உண்டு. 1950-களில் புனே பக்கம் கவனிக்கப்பட்ட செடி, இன்று ரயில் பாதை ஓரம், வாய்க்கால் கரை, காலி மனை என்று ஓர் இடம் பாக்கி இல்லை. மழை விழுந்த ஒரு மாசத்தில் பூத்துவிடும். மகரந்தம் மூக்கைப் பிடிக்கும். செடி பட்டால் தோல் அரிக்கும்.

'ஒவ்வாமை' என்பது எனக்குப் பிடித்த சொல். ஒத்துப்போகாமை என்பதுதான் அதன் பொருள். இங்கிலாந்தில் சார்லஸ் பிளாக்லி என்ற டாக்டருக்கே இந்தத் தொல்லை இருந்தது. மகரந்தத்தைத் தன் மூக்கிலும் தோலிலும் வைத்துப் பார்த்து, இதனால்தான் வருகிறது என்று 1873-ல் புத்தகமாக எழுதினார். 'அலர்ஜி' என்ற பெயரே 1906-ல்தான் வந்தது. வியன்னாவில் இருந்த கிளமென்ஸ் வான் பிர்க்கே என்ற குழந்தை வைத்தியர் வைத்த பெயர். உடம்பு ஒன்றுமில்லாத தூசியைத் திருடன் என்று நினைத்துக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. அப்போது உடம்பிலிருந்து கிளம்புகிற ஹிஸ்டமின் என்ற சரக்குதான் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு எல்லாவற்றையும் கொண்டுவருகிறது.

சரி, இந்த மாசங்களில் நம் பக்கத்தில் காற்றில் என்னதான் இருக்கிறது? பார்த்தீனியம் சொல்லியாயிற்று. அடுத்தது சீமைக்கருவேலம். ஆற்றங்கரையிலும் குளங்களிலும் அது இல்லாத இடம் எது? கார் நெல் போட்ட வருஷமானால் அறுப்புச் சமயத்து நெல் சுணை. களத்துப் பக்கம் போனாலே உடம்பெல்லாம் அரிக்கும். வாழைத் தோப்பில் காய்ந்த சருகைக் கூட்டி எரிக்கிற புகை. அதற்கு மேல் தீபாவளி. புகை அலர்ஜி இல்லை. ஆனால் ஏற்கெனவே புண்ணான மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் மிளகாய் தேய்த்தாற்போல. கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் அப்படித்தான். கொசுவுக்காக ஜன்னலைச் சாத்திச் சுருளையும் ஏற்றிவிட்டு, "பிள்ளை ராத்திரி பூரா இருமுது" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் இவ்வளவு நாள் கழித்து நான் கண்டது, பெரிய குற்றவாளிகள் வெளியே இல்லை என்பதுதான். வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று, தலையணையிலும் மெத்தையிலும் குடியிருக்கிற தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிர்கிற செதிலைத் தின்று உயிர் வாழ்கிறது. அது கடிப்பதில்லை, அதன் கழிவுதான் மூக்குக்குள் போய் வம்பு செய்கிறது. காற்றில் ஈரம் இருந்தால்தான் அது பெருகும். இன்னொன்று பூஞ்சக்காளான். ஈரச் சுவர், பீரோவுக்குப் பின்பக்கம், மடித்து வைத்த ஜமுக்காளம், பழைய புத்தகம், இதெல்லாம் அதன் வீடு. அடைமழை மாசத்தில் இந்த இரண்டுக்கும் கொண்டாட்டம். ஐப்பசியில் நமக்குத் தும்மல் வருவதற்கு ஐப்பசி காரணம் இல்லை. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் எது பெருகுகிறதோ அது காரணம். மாசத்தை மாற்ற முடியாது. தலையணையை மாற்றலாம்.

இனி என் அக்காள் கதை.

அக்காளுக்கு அத்தான் சீக்கிரமே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எங்களோடுதான் இருந்தாள். ஒவ்வொரு ஐப்பசியிலும் முதலில் தும்மல், பத்து நாளில் இருமல், கார்த்திகை பிறந்தால் ராத்திரி இரைப்பு. தலையணை இரண்டை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். அந்தத் தலையணைகள் எங்கள் அம்மை காலத்து இலவம்பஞ்சுத் தலையணைகள். அதிலேதான் வினை இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாருக்குத் தெரியும்?

டாக்டரிடம் போவதில்லை. நான்தான் மருந்துக்கடைக்குப் போவேன். "இரைப்புக்கு ஒரு செட் குடுங்க" என்றால் சின்ன காகித உறையில் மூன்று நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துப் போட்டுத் தருவார்கள். மந்திரம் போட்டது மாதிரி கேட்கும். சாயங்காலம் சாப்பிட்டால் ராத்திரி தூங்குவாள். "தம்பி வாங்கியாந்த மாத்திரைதான் எனக்கு உசிரு குடுக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். எனக்கும் பெருமையாக இருக்கும். முதலில் ஐப்பசி கார்த்திகையில் மட்டும். பிறகு தை வரை. பிறகு வருஷம் முழுக்க.

நாலைந்து வருஷத்தில் அக்காள் முகம் உருண்டையாகப் பூரித்துவிட்டது. "தெளிஞ்சிட்டா" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அது தெளிவு இல்லை, வீக்கம். பிறகு சர்க்கரை வந்தது. ஒரு நாள் முற்றத்தில் சும்மா வழுக்கி உட்கார்ந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார்கள். என் சட்டைப் பையில் இருந்த காகித உறையைக் கொடுத்தேன். இளவயது டாக்டர் ஒருவர் அதில் இருந்த மிகச் சின்ன மாத்திரையை எடுத்துக் காட்டி, "ஐயா, இது எத்தனை வருஷமா?" என்றார்.

அது ஸ்டீராய்டு. வருஷக்கணக்கில் தின்றால் எலும்பை அரிக்கும், சர்க்கரையைக் கூட்டும், முகத்தை வீங்கவைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. இரைப்பு முற்றி மூச்சு நிற்கப்போகிற நேரத்தில் அதுதான் உயிரைக் காக்கும் என்று அதே டாக்டர் சொன்னார். என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல், யாரும் பார்க்காமல், வருஷக்கணக்கில் சாப்பிட்டதுதான் பிழை. அப்படிச் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. அதுவும் ஆபத்து. டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அக்காள் அதற்குப் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்து போனாள். கடைசிவரை என்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இவ்வளவு பட்டவன் திருந்தியிருக்க வேண்டுமல்லவா? இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தார் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பேர் இரண்டு நாள் தண்ணீருக்கு நடுவே தவித்தார்கள். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு சேற்றை வாரிக் கொட்டினோம், கட்டில் மெத்தையைக் காயவைத்தோம். சுவர் காய்ந்துவிட்டது போலத்தான் இருந்தது. பொங்கலுக்கு எப்போதும் போலச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று வழவழப்பான பெயின்ட் அடித்தோம். உள்ளே இருந்த ஈரத்தை வெளியே விடாமல் மூடி போட்ட மாதிரி ஆயிற்று.

அடுத்த ஐப்பசியில் பேத்திக்குத் தொடங்கிவிட்டது. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். காலையில் தும்மல், கண் அரிப்பு, மூக்கை உள்ளங்கையால் மேலே மேலே தேய்த்து மூக்கின்மேல் ஒரு கோடே விழுந்துவிட்டது. தீபாவளி முடிந்ததும் ராத்திரி இருமலோடு ஒரு விசில் சத்தம். அது என் அக்காளின் சத்தம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"எங்க மாமா கிளம்பிட்டிய?" என்றாள் மருமகள்.

"மருந்துக்கடைக்கு. ஒரு செட் வாங்கியாந்தா சரியாயிரும். ஐப்பசி வந்தா..."

"பெரியத்தைக்கு வாங்கின மாதிரியா?"

கோபமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். பேத்தியின் நெஞ்சைச் சோதித்த பிறகு அவர் கேட்ட கேள்வி ஒன்று: "பாப்பா எங்க படுக்குது?" பின்கட்டு அறையில். சுவர் ஓரக் கட்டிலில். தலைமாட்டில் பீரோ. "வீட்டுக்குப் போய் முதல்ல அந்த பீரோவ நகட்டிப் பாருங்க" என்றார். நானும் மகனுமாக நகர்த்தினோம். பின்னால் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சக்காளான். பிள்ளை பத்து மாசமாக அதற்கு இரண்டு அடி தள்ளிப் படுத்து மூச்சு விட்டிருக்கிறாள்.

பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தோம். சுரண்டும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, சுவரை நனைத்துச் சுரண்டினோம்; பிள்ளையை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்தோம். அதோடு ஆசிட் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கிய வெடிப்பை அடைத்தோம். சுவர் காயும்வரை விட்டு, பிறகு பழையபடி சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சக்காளான் லேசில் வளராது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த பெரியவர்கள் அழகுக்கு மட்டும் அடிக்கவில்லை போலிருக்கிறது. இலவம்பஞ்சுத் தலையணைகளை வெளியேற்றினோம். அந்த அறையை விட்டும் பேத்தியை மாற்றினோம்.

அதோடு டாக்டர் ஒரு இன்ஹேலரும் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும்தான் வீட்டில் பூகம்பம். என் வீட்டுக்காரியின் தங்கை வந்திருந்தாள். "பொம்பளப் பிள்ளைக்கு இந்த வயசுலயே பம்பு வச்சிட்டியளா அத்தான்? இது பழகிட்டா விடாதே! நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்லுவிய?" என்றாள்.

என் கோபம் எல்லாம் இந்தப் பேச்சின்மேல்தான். மாத்திரை என்றால் சாதாரணம், பம்பு என்றால் கடைசிக் கட்டம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இன்ஹேலர் மருந்தை அளப்பது மைக்ரோகிராமில். ஒரு தடவை இழுத்தால் நூறோ இருநூறோ. என் அக்காள் தின்ற மாதிரி மாத்திரைகளை அளப்பது மில்லிகிராமில். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். மருந்துக்கு மருந்து வீரியம் மாறும் என்பது உண்மைதான்; ஆனாலும் ஒன்று நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது, மற்றது எலும்பு முதல் சர்க்கரை வரை ஊர்கோலம் போகிறது. கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைக்கு வெட்கப்படாத நாம், டாக்டர் எழுதிய இன்ஹேலரைச் சேலைக்குள் ஒளித்து வைக்கிறோம்.

பம்பு சீமைச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. ஊமத்தையைப் புகைத்து இரைப்பைத் தணிக்கிற பழக்கம் நம் மதராஸ் பக்கத்தில் இருந்தது. அங்கே கம்பெனியின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதை அறிந்து ஜென்ட் என்ற தளபதிக்குச் சொல்ல, அவர் மூலம் 1802 வாக்கில் அது இங்கிலாந்துக்குப் போயிற்று. ஊமத்தையில் இருக்கிற அட்ரோபின் மூச்சுக்குழாயைத் தளர்த்தும். அந்த அட்ரோபினை மாற்றிச் செய்ததுதான் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறலுக்கு வைக்கிற இப்ராட்ரோபியம். மருந்தை மூச்சோடு இழுக்கிற யோசனை நமக்குப் புதிதே இல்லை. அதற்காக யாரும் ஊமத்தையைத் தேடிப் போய்விடாதீர்கள். அது விஷம், அளவு தவறினால் ஆளையே கொல்லும். அந்த அளவைச் சரியாக்கித்தான் டப்பியில் அடைத்துத் தருகிறார்கள்.

பட்ட அனுபவத்தில் இன்னும் சில சொல்கிறேன். சாதாரண ஜலதோஷம் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். காய்ச்சல் இல்லாமல், அரிப்போடு, தண்ணீராக மூக்கு ஒழுகி, வருஷா வருஷம் அதே மாசத்தில், அதே அறையில் வந்தால் அலர்ஜி என்று சந்தேகப்படுங்கள். அதற்கு ஆன்டிபயாடிக் தின்பதில் பயன் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அலர்ஜி என்று தள்ளிவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் வயதுக்காரர்களுக்கு ராத்திரி மூச்சுத் திணறல் இருதயத்தாலும் வரும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க மூச்சு போதாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தும்மலுக்கு வாங்கும் பழைய காலத்து மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். ப்ராஸ்டேட் தொல்லை உள்ள கிழவர்களுக்குச் சிறுநீரையே அடைத்துவிடும். எதிர்வீட்டு அண்ணாச்சி ஒரு ராத்திரி அந்தப் பாடு பட்டார். புதிய வகைகளில் தூக்கம் குறைவு. எது என்று டாக்டரிடம் கேளுங்கள். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விடுகிறவர்கள் நாலைந்து நாளுக்கு மேல் விட வேண்டாம். நாள்பட விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். டாக்டர் எழுதுகிற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே வேறு சாதி. அது கேட்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடக் கூடாது. உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. ஆனால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில்தான். ஆற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கூடாது.

செலவில்லாத வேலைகளும் உண்டு. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு தடவை கை பொறுக்காத வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வெயில் கண்ட நாளெல்லாம் தலையணையை மாடியில் போடுங்கள். உதறுவதும் ஒட்டடை அடிப்பதும் தும்மல் இல்லாத ஆள் செய்யட்டும். துடைப்பத்தால் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். காலி மனையில் பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால், கைக்கு உறை மாட்டிக்கொண்டு, வேரோடு பிடுங்குங்கள். தெருவுக்கு நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பேத்திக்கு இந்த ஐப்பசியிலும் தும்மல் இருக்கிறது. அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இரைப்பு இல்லை. காலையில் இன்ஹேலரை எடுத்து, ஸ்பேசரில் மாட்டி, இழுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டுப் பல் தேய்த்த மாதிரிப் போய்க்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு அதில் ஒளிப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை.

நேற்றுக் காலை எதிர்வீட்டு அண்ணாச்சி பதினொன்று போட்டு முடித்ததும் வழக்கமான பேச்சைத் தொடங்கினார். நான் விடவில்லை. "அண்ணாச்சி, உங்க கட்டிலுக்குப் பின்னால இருக்க பீரோவ நகட்டி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "மவ கல்யாணத்துக்கு முன்னால" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்லூரி போகிற பையன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகனும் அவர் வீட்டுக்குப் போகிறோம்.